துப்பாக்கியும் சித்தமும்: இரண்டு சட்டங்களின் சரித்திரம்

1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி, இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி அரக்கோணத்தின் வழியாக ஓடிற்று. மறு வருஷம் வடநாட்டில் மூண்ட பெருங்கிளர்ச்சி இப்பாதையோரத்து ஊர்களைப் போர்க்களமாக்கவில்லையாயினும், அதை அடுத்த சில வருஷங்களுக்குள் பிறந்த சட்டங்களில் இரண்டு வகை இவ்வூர்களின் குடியானவனுடைய வீட்டு வாசல் வரையில் வந்து சேர்ந்தன. பிரஜைகளின் கையிலிருந்து ஆயுதத்தை வாங்கிக்கொள்ள வகுத்த 1857, 1860-ஆம் வருஷத்துச் சட்டங்கள் ஒரு வகை. சித்தசுவாதீனம் இழந்தவர்களைக் காவலில் வைக்கவும் அவர்களுடைய ஆஸ்தியைப் பராமரிக்கவும் வகுத்த 1858-ஆம் வருஷத்துச் சட்டங்கள் மற்றொரு வகை. தனித்தனியே வளர்ந்த இவ்விரண்டும் ஒரே மனிதனிடத்தில் வந்து சந்திப்பதுண்டு; துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவனுக்கு மனம் பேதலித்துவிட்டதென்று யாரேனும் முறையிடும் சந்தர்ப்பமே அது.

ஆயுதம் பறிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் அதற்கும் மூத்தது. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட 1801-ஆம் வருஷத்தின் டிசம்பர் முதல் தேதியன்றே, சென்னைக் கவர்னராயிருந்த எட்வர்டு கிளைவ், பாளையக்காரர்களின் கோட்டைகளை இடித்துத் தள்ளவும் தென்சீமை ஜனங்கள் ஆயுதம் தரிப்பதை ஒழிக்கவும் பிரகடனம் வெளியிட்டார். வைசிராய் லிட்டன் காலத்தில், 1878-இல், வந்த ஆயுதச் சட்டமோ இந்தியர்களை லைசென்ஸுக்காகக் கச்சேரி வாசலில் நிற்க வைத்துவிட்டு, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. இவர்கள் நம்பத்தகாதவர்கள் என்ற தீர்ப்பை, எந்த விசாரணையுமின்றி, ஒரு தேசம் முழுவதன்மீதும் எழுதிவிட்ட சட்டமாதலால், அகிம்சையை விரதமாகக் கொண்ட காந்தியடிகளே அதைக் கடுமையாகக் கண்டித்தார். 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ், நியதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைப் பிரஜைகளின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று.

சித்தசுவாதீனச் சட்டத்தின் போக்கு வேறு. சென்னையில் 1794-லேயே வாலண்டைன் கானலி என்ற வைத்தியர் ஒரு பைத்தியக்கார விடுதியை நடத்தினார். 1871-இல் சர்க்கார் விடுதி கீழ்ப்பாக்கத்துக்குக் குடியேறிற்று. மனிதனை அங்கே அடைக்கும் விஷயத்தில் சட்டம் காட்டிய நிதானத்தைவிட, அவனுடைய ஆஸ்தியைத் தொடும் விஷயத்தில் காட்டிய நிதானம் பெரிது. 1858-ஆம் வருஷத்துச் சட்டமும், பின்னர் அதன் இடத்துக்கு வந்த 1912-ஆம் வருஷத்துச் சட்டமும், ஒருவனைச் சித்தசுவாதீனமற்றவன் என்று சொல்லி அவன் நிலபுலன்களைப் பிறர் கையில் ஒப்படைக்க வேண்டுமானால், ஜில்லா நீதிமன்றம் அவனுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, விசாரணை நடத்தி, அதன் பிறகே முடிவு கூற வேண்டுமென்று விதித்தன. கால்காணி நிலமானாலும், நீதிபதியின் வாக்கில்லாமல் அது கைமாறாது.

சுதந்திர இந்தியா 1959-இல் இயற்றி 1962-இல் நடைமுறைக்குக் கொணர்ந்த ஆயுதச் சட்டம், பழைய அவநம்பிக்கையைப் பெருமளவு தளர்த்திற்று. வேர்க்கடலையையும் கரும்பையும் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போகும் கொல்லைகளை உடைய குடியானவனுக்கு, பயிர்க்காவலுக்கென்று, குழாயின் வாய்வழியே கருமருந்தையும் ரவையையும் கொட்டிக் கம்பியால் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்க அது வழிவகுத்தது. ஆயினும் அதே சட்டத்தின் 14-ஆவது பிரிவு, விண்ணப்பிப்பவன் சித்தசுவாதீனமற்றவனென்று நம்ப அதிகாரிக்குக் காரணமிருந்தால் லைசென்ஸை மறுக்கலாம் என்றும், 17-ஆவது பிரிவு, கொடுத்த லைசென்ஸை அதே காரணத்துக்காக நிறுத்தி வைக்கலாம் அல்லது ரத்து செய்யலாம் என்றும் கூறுகின்றன. அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். கேட்டால் அதன் சுருக்கத்தைக் கொடுக்கவும் வேண்டும், பொதுநலனுக்கு விரோதமென்று அவர் கருதினாலொழிய. உத்தரவுக்கு முன்பே சம்பந்தப்பட்டவனுடைய வார்த்தையைக் கேட்க வேண்டுமென்று அந்தப் பிரிவு வாய்திறந்து சொல்லவில்லை. அவன் பேசுவதற்குரிய சந்தர்ப்பத்தை 18-ஆவது பிரிவு மேல்முறையீட்டின்போதுதான் உறுதி செய்கிறது. நிலத்துக்கு நீதிமன்றம், துப்பாக்கிக்குக் கலெக்டரின் நம்பிக்கை என்று இரண்டு அளவுகோல்கள் இவ்வாறு நிலைபெற்றன.

அரக்கோணத்தார்க்கு அந்தக் கலெக்டர் 1911 வரையில் சித்தூரிலும், பிறகு வேலூரிலும், 2019 முதல் இராணிப்பேட்டையிலும் இருந்து வருகிறார். மனநோய்க்கு வைத்தியம் வேண்டுவோரையும் அதே இருப்புப்பாதைதான் இரு திசைகளில் கொண்டுசென்றது: கிழக்கே சென்னைக் கீழ்ப்பாக்கம், மேற்கே வேலூர்ப் பாகாயம். பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் திறந்த மனநல மையம், டாக்டர் பிளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையாரின் முயற்சியால் உருவாயிற்று; நோயாளியைத் தனியே அடைக்காமல், குடும்பத்தாரும் உடன் தங்கிச் சமைத்துப் போட்டுப் பராமரிக்கும் முறையை அது கைக்கொண்டது. இப்படிச் சில வாரங்கள் தங்கித் தேறி ஊர் திரும்பி, மறுபடியும் ஏர் பிடிக்கிறவனைச் சித்தசுவாதீனமற்றவன் என்ற பழைய சொல்லால் ஆயுள் முழுவதும் குறிப்பது வைத்தியத்துக்கும் ஒவ்வாது, நியாயத்துக்கும் ஒவ்வாது.

2018 மே மாதம் அமலுக்கு வந்த 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்தப் பேதத்தை ஒப்புக்கொண்டது. ஒருவருக்கு மனநோய் உண்டென்று நிர்ணயித்ததனால் மட்டும் அவர் சித்தசுவாதீனமற்றவராகிவிட மாட்டார், தகுதியுள்ள நீதிமன்றம் அவ்வாறு அறிவித்தாலன்றி, என்று அதன் 3-ஆவது பிரிவு கூறுகிறது. ஆயுதச் சட்டமோ பழைய சொல்லையும், அதைத் தீர்மானிக்கும் அதிகாரியின் நம்பிக்கையையும் இன்னும் விடவில்லை.

இதற்கு நேர் எதிரான அபாயமும் உண்மையானது. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில், 2004 ஜனவரியில், மனநோயுற்ற ஒருவரிடமிருந்து போலீஸார் துப்பாக்கிகளை எடுத்துவைத்தனர். அவற்றை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லாமையால் மார்ச்சில் திருப்பிக் கொடுத்தனர். ஆகஸ்டில் அந்த மனிதர் தம் தாயையும், ஜேக் லேயர்டு என்ற காவலரையும் சுட்டுக் கொன்றார். மறு வருஷம் இண்டியானா இயற்றிய சட்டம், ஆபத்தான கையிலிருந்து ஆயுதத்தை உடனே எடுக்கப் போலீஸாருக்கு இடம் கொடுத்தது. ஆனால் பதினான்கு நாட்களுக்குள் நீதிமன்றம் விசாரிக்க வேண்டும், ஆபத்தைத் தெளிவான சாட்சியத்தால் நிரூபிக்கும் பாரம் சர்க்காரைச் சேர்ந்தது, 180 நாட்கள் கழிந்தபின் உரியவர் திருப்பிக் கேட்கலாம் என்று விதிகளையும் வகுத்தது. முதலில் எடுப்பதும் பிறகு விசாரிப்பதும் அநீதியல்ல. எடுத்தபின் விசாரியாமல் விடுவதே அநீதி.

நம் ஜில்லாக்களில் இதற்கு உதவும் பழக்கம் ஒன்று ஏற்கெனவே உண்டு. தேர்தல் தேதி அறிவித்ததும், கலெக்டரின் உத்தரவுப்படி லைசென்ஸ்காரர்கள் தம் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறார்கள், ரசீது பெறுகிறார்கள், வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் அதைக் காட்டி மீட்டுக்கொள்கிறார்கள். ஊர் முழுவதும் செய்வதாகையால் அதில் எவருக்கும் களங்கம் இல்லை. மனம் கலங்கிய காலத்திலும், பெரும்பாலும் பிறரைவிடத் தன்னையே மாய்த்துக்கொள்ளும் அபாயத்தில் இருப்பவனுடைய துப்பாக்கியை, பறிமுதலாகக் கொள்ளாமல், கால வரம்புள்ள ஒப்படைப்பாகவே கொண்டு, ரசீதோடு வாங்கி வைத்து, மனநல வைத்தியரின் பரிசோதனைக்குப் பின் அவனையும் அவன் வீட்டாரையும் நேரில் கேட்டு, குறித்த நாளுக்குள் உத்தரவிடுவதற்குப் பெரிய புதுமை எதுவும் வேண்டியதில்லை. கால்காணி நிலத்துக்கு அந்நிய ஆட்சியே அளித்த விசாரணையை, மனிதனுடைய நற்பெயருக்குச் சொந்த ஆட்சி மறுப்பதற்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.