வில்கின்சன் வினையூக்கி: சாயம் அடிப்பவரின் மகன் தந்த கொடை

வேதிவினையை விரைவுபடுத்தி, முடிவில் தான் தீராமல் எஞ்சுவது வினையூக்கி. அத்துறையில் முத்திரை பதித்தவர் ஜெஃப்ரி வில்கின்சன் (1921–1996).

இங்கிலாந்தின் டாட்மார்டன் அருகே, வீடுகளுக்குச் சாயம் அடிப்பவரின் மகனாகப் பிறந்த அவர், உபகாரச் சம்பளத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பயின்றார். 1951இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் உதவிப் பேராசிரியரானார். அங்கு நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1955இல் இம்பீரியலுக்கே கனிம வேதியியல் பேராசிரியராகத் திரும்பினார்.

அங்கு 1960களில் அவர் குழு உருவாக்கிய ரோடியம் வினையூக்கி, அறை வெப்பநிலையிலேயே கரிமச் சேர்மங்களில் ஹைட்ரஜனைச் சேர்த்தது. அதை வில்லியம் நோல்ஸ் மாற்றியமைத்ததால், பார்கின்சன் நோயாளிகளுக்கான லெவோடோப்பா மருந்தை ஆலையில் தயாரிக்க வழி பிறந்தது.

1973இல் வில்கின்சன், எர்ன்ஸ்ட் ஓட்டோ ஃபிஷருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பரிசுக்குரிய ஆய்வு தொடங்கிய இடம், அவரைத் தக்கவைக்காத ஹார்வர்டுதான்.