உப்புக் கழிவுநீரும் பாஸ்பரஸ் நீக்கமும்

கழிவுநீரில் கரைந்த பாஸ்பேட்டை நுண்ணுயிர்களின் உடலுக்குள் ஏற்றி, அவை பெருகிய சேற்றோடு வெளியே எடுத்துவிடும் முறையே உயிரியல் பாஸ்பரஸ் நீக்கம். மலத்திலும் சலவைத்தூளிலும் இருந்து வரும் பாஸ்பரஸ் கண்மாயில் சேர்ந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டும். ஆக்சிஜன் தீர்ந்து மீன் செத்து மிதக்கும்.

இதன் வரலாறு பெங்களூரில் தொடங்குகிறது. இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை ஆகிய மூவரும், காற்றூட்டிய கழிவுநீர்ச் சேறு தன் வளர்ச்சிக்குத் தேவையானதைவிட மிக அதிகமாகப் பாஸ்பரஸை உறிஞ்சுவதைக் கண்டு 1959இல் எழுதினார்கள். நச்சு கலந்தால் உறிஞ்சுவது நின்றது; அதனால் இது உயிர்களின் வேலை என்று தெரிந்தது. இந்த முதன்மை நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டியது. 1965இல் அமெரிக்காவில் லெவினும் ஷபிரோவும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். 1970களில் தென்னாப்பிரிக்காவின் ஜேம்ஸ் பர்னார்டு, காற்றில்லாத தொட்டி முதலில், காற்றூட்டும் தொட்டி பிறகு என்ற வரிசையே சூட்சுமம் என்று காட்டினார். காற்றில்லாத இடத்தில் பாக்டீரியா தன் பாலிபாஸ்பேட் சேமிப்பை உடைத்து, அந்த ஆற்றலில் அசெட்டிக் அமிலம் போன்ற உணவை உள்ளிழுக்கிறது. காற்று கிடைத்ததும் வெளியே விட்டதைவிடக் கூடுதலாகப் பாஸ்பேட்டை அள்ளிக்கொள்கிறது. இந்த வேலையில் தலையாய பாக்டீரியாவான அக்குமுலிபாக்டர் 1999இல் பெயர் பெற்றது.

உப்புதான் இதற்கு எதிரி. உப்பால் எழும் சவ்வூடுபரவல் அழுத்தத்தைத் தாங்கவே செல்லின் ஆற்றல் செலவாகிவிடும். துருக்கியில் உய்குரும் கர்கியும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், உப்பு 6 சதவீதத்தை எட்டியபோது பாஸ்பேட் நீக்கம் 84இலிருந்து 22 சதவீதமாகச் சரிந்தது. கடல்நீரால் கழிவறை அலசும் ஹாங்காங் போன்ற ஊர்களுக்கு இது அன்றாடக் கவலை. உப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்கினால் சேறு ஓரளவு தேறுகிறது.

தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் சிவகாசியிலும் பாஸ்பரஸும் உப்பும் வேறு வடிவில் உண்டு. பாஸ்பரஸ், தீப்பெட்டியின் உரசும் பட்டையில் இருக்கிறது. நிலத்தடி நீரிலோ பட்டாசு மருந்தின் பெர்குளோரேட் உப்பு கலந்திருக்கிறது: 2013இல் வெளியான ஆய்வு லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம் வரை கண்டது. இந்தப் பெர்குளோரேட்டைச் சிதைக்கும் டெக்குளோரோமோனாஸ் என்ற பாக்டீரியா, அக்குமுலிபாக்டருக்கு நெருங்கிய உறவு. டெக்குளோரோமோனாஸ் பேரினத்திலேயே பாலிபாஸ்பேட் சேர்க்கும் இரண்டு இனங்கள் 2021இல் விவரிக்கப்பட்டன.