கார்ட்டிசோன்: கொடுக்கக் கற்றவர்கள் நிறுத்தக் கற்ற கதை

ஸ்டீராய்டு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பதக்கம் பறிக்கப்பட்ட ஒலிம்பிக் ஓட்டக்காரர்கள்தான். அது வேறு ரகம். நான் எழுதப்போவது ஆஸ்துமா, முடக்குவாதம், தோல் நோய், சிறுநீரக நோய் என்று பலதுக்கும் டாக்டர்கள் எழுதித் தருகிற ப்ரெட்னிசோலோன் வகையறாவைப் பற்றி. இந்த மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், "நீங்களா நிறுத்திடாதீங்க" என்று டாக்டர் சொன்னதையும் கேட்டிருப்பீர்கள். ஏன் நிறுத்தக் கூடாது என்பதைப் பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை. அந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள மருத்துவ உலகத்துக்குப் பல வருடங்கள் ஆயின. சில உயிர்களும் போயின.

கதை அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் என்ற ஊரில் தொடங்குகிறது. அங்கேதான் மேயோ கிளினிக் இருக்கிறது. பிலிப் ஹென்ச் என்ற மூட்டுநோய் மருத்துவர் 1929-ல் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். முடக்குவாதத்தில் கஷ்டப்பட்ட ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. வந்த கையோடு மூட்டுவலி காணாமல் போனது. இன்னும் சிலரிடமும் இதையே பார்த்தார். கர்ப்பமான பெண்களுக்கும் வலி குறைவதைப் பார்த்தார். உடம்பு தானாகவே ஏதோ ஒரு மருந்தைச் சுரக்கிறது என்று முடிவுகட்டி அதற்கு 'எக்ஸ்' என்று பெயர் வைத்தார். அதே மேயோவில் எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலாளர், மாட்டின் அட்ரீனல் சுரப்பிகளை டன் கணக்கில் அரைத்து ஏ, பி, இ, எஃப் என்று சேர்மங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். சுவிட்சர்லாந்தில் டாடியஸ் ரைக்ஸ்டைனும் இதே வேலையில் இருந்தார். 'இ'யை நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று 1941-லேயே ஹென்சும் கெண்டலும் பேசிவைத்தார்கள். ஆனால் ஊசி போடும் அளவுக்குச் சரக்கு இல்லை!

யுத்தம் வந்தது. ஜெர்மன் விமானிகள் அட்ரீனல் சாறு குடித்துவிட்டு அதிக உயரத்தில் பறக்கிறார்கள் என்று ஒரு வதந்தி. (யுத்த காலத்து வதந்திகளுக்குத் தனிக் கட்டுரையே போடலாம்.) அதை நம்பி அமெரிக்க அரசு இந்த ஆராய்ச்சியை முடுக்கிவிட்டது. மெர்க் கம்பெனியின் லூயிஸ் சாரெட் மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் 'இ'யைத் தயாரித்துக் காட்டினார். 1948 செப்டம்பர் 21 அன்று, 29 வயதுப் பெண் ஒருவருக்கு 100 மில்லிகிராம் ஊசி போடப்பட்டது. மருத்துவப் பதிவுகளில் அவர் 'திருமதி ஜி'. படுக்கையில் புரண்டு படுக்கவே சிரமப்பட்டவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். ஒரே வாரத்தில், 28-ந்தேதி, கடைத்தெருவுக்குப் போய் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு வந்தார். 1949 ஏப்ரலில் முடிவுகளை அறிவித்தார்கள். 1950-ல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. முதல் ஊசிக்கும் பரிசுக்கும் இடையே இரண்டு வருடம் சொச்சம்தான்.

இதுவரை எல்லாரும் சொல்கிற கதை. எனக்கு இதில் உறுத்துவது வேறு ஒரு வருடம்: 1937.

அந்த வருடம் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. எலிகளுக்கு அட்ரீனல் சாற்றை அதிக அளவில் கொடுத்தால், எலியின் சொந்த அட்ரீனல் சுரப்பி சுருங்கிவிடுகிறது என்பது அதன் செய்தி. எழுதியவர்கள் ட்வைட் இங்கிளும்... எட்வர்ட் கெண்டலும்! அதாவது, 'வெளியிலிருந்து கொடுத்தால் உள்ளே இருப்பது படுத்துவிடும்' என்பது திருமதி ஜிக்கு ஊசி போடுவதற்குப் பதினோரு வருடங்களுக்கு முன்பே, அதே கட்டிடத்துக்காரர்களுக்குத் தெரியும். மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எலியில் தெரிந்ததும் மனிதனில் உறைத்ததும் ஒன்றல்ல, அவ்வளவுதான்.

ஏன் சுருங்குகிறது? சென்னைக்காரர்களுக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். மொட்டைமாடித் தொட்டியில் ஒரு மிதவை இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் ஸ்விட்ச் போட்டு மோட்டாரை ஓடவிடும், நிறைந்தால் நிறுத்தும். மூளையில் உள்ள ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும்தான் மிதவையும் ஸ்விட்சும். சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல்தான் மோட்டார். தண்ணீர், கார்ட்டிசால் என்ற ஹார்மோன். இப்போது தினமும் லாரித் தண்ணீர் வந்து தொட்டி நிறைகிறது என்று வையுங்கள். மிதவை கீழே இறங்கவே இறங்காது. மோட்டார் மாதக்கணக்கில் ஓடாமல் துருப்பிடிக்கும். ஒரு நாள் திடீரென்று லாரி வரவில்லை என்றால்? ஸ்விட்ச் போடும் பழக்கமும் போயிருக்கும், போட்டாலும் மோட்டார் சுற்றாது.

சாதாரண நாட்களில் கொஞ்ச நஞ்ச ஊற்றில் ஒப்பேற்றிவிடலாம். காய்ச்சல், விபத்து, அறுவை சிகிச்சை என்று வந்தால்தான் வினை. அந்த நேரத்தில் உடம்பு வழக்கத்தைவிடப் பல மடங்கு கார்ட்டிசால் கேட்கும். கிடைக்காவிட்டால் வாந்தி, வயிற்றுவலி, மயக்கம் என்று ஆரம்பித்து ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். அட்ரீனல் கெட்டுப்போனால் ஆள் பிழைப்பது கடினம் என்பது 1855-லேயே லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் எழுதிய நோய். நூறு வருடம் கழித்து அதே நிலையை மருந்துச்சீட்டு மூலமாகவே உண்டாக்க ஆரம்பித்தார்கள்.

அது வெளிச்சத்துக்கு வந்தது 1952-ல். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஃப்ரேசர், ப்ரூஸ், பிக்ஃபோர்டு என்ற மூவர் ஒரு நோயாளியின் மரணத்தை எழுதினார்கள். முப்பதுகளில் இருந்த ஆண். முடக்குவாதத்துக்காக மாதக்கணக்கில் கார்ட்டிசோன் எடுத்தவர். இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சைக்கு முன்னால் மருந்து நிறுத்தப்பட்டது. அறுவை முடிந்தபின் ரத்த அழுத்தம் விழுந்தது. என்ன செய்தும் ஏறவில்லை. இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் அட்ரீனல்கள் வற்றிப்போயிருந்தன. எலியில் பார்த்ததேதான். அடுத்த வருடமே இன்னொரு இளம்பெண்ணின் மரணம் இதே மாதிரி பதிவானது.

ஒரு ஆள் நடக்க முடியாமல் இருந்து, மருந்தால் எழுந்து நின்று, இனி மூட்டையே சரிசெய்துகொள்ளலாம் என்ற தைரியத்தில் அறுவைக்குப் போயிருக்கிறார். மருந்தைச் சாப்பிட்டதால் அல்ல, நிறுத்தியதால் இறந்தார். ஸ்டீராய்டைப் பற்றி நம்மூரில் இருக்கிற பயம் அத்தனையும் 'சாப்பிட்டால் ஆபத்து' என்ற வகைதான். முகம் வீங்குகிறது, சர்க்கரை ஏறுகிறது, எலும்பு மெலிகிறது... எல்லாம் உண்மைதான். அந்தப் பயத்தில் ஒரு நாள் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போடுகிறார்களே, அதுதான் மிகப் பெரிய ஆபத்து. மூச்சிரைப்புக்கு 'பக்கவிளைவே இல்லாத பொடி' என்று விற்கப்படுகிறவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அதைச் சாப்பிடுகிறவருக்குத் தான் ஸ்டீராய்டு எடுப்பதே தெரியாது. பொடி தீர்ந்துபோனால் நிறுத்திவிடுவார். இவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கவலை.

1952-க்குப் பிறகு வைத்தியர்கள் மறுகோடிக்குப் போனார்கள். ஸ்டீராய்டு எடுத்தவர் என்றால் அறுவைக்கு முன்னும் பின்னும் தாராளமாக ஊற்று என்பது பாடமானது. ஒன்றிரண்டு மரணங்களை வைத்து உருவான இந்தப் பழக்கம் நிஜமாகவே இவ்வளவு கேட்கிறதா என்று 1994-ல் ஒரு கட்டுரை மறுபரிசீலனை செய்தது. பிரச்சினை தெரிந்து 42 வருடம் கழித்து என்று தலைப்பிலேயே போட்டுக்கொண்டார்கள்! தேவையான அளவு அதைவிடக் குறைவுதான் என்றது அது.

நடுவில் ஒரு சுவாரசியமான நோயாளி. 1955-ல் அறுவை சிகிச்சை இதழ் ஒன்றில், அட்ரீனல் வேலை செய்யாத 37 வயது ஆண் ஒருவருக்கு முந்தைய அக்டோபரில் முதுகில் அறுவை செய்து, ஹார்மோன் கொடுத்துக் காப்பாற்றிய விவரம் பெயரில்லாமல் வெளியானது. அந்த ஆள் ஜான் எஃப். கென்னடி! 1947-லேயே அவருக்கு அடிசன் நோய் என்று லண்டனில் கண்டுபிடித்திருந்தார்கள். 1954 அக்டோபர் 21-ல் நியூயார்க்கில் அறுவை. பிறகு தொற்று ஏற்பட்டுச் சாவின் விளிம்புவரை போய் மீண்டார். கார்ட்டிசோன் மட்டும் கண்டுபிடிக்கப்படாமல் இருந்திருந்தால் 1960 தேர்தலில் வேறு யாராவது நின்றிருப்பார்கள். அவருடையது மாத்திரையால் வந்த குறை இல்லைதான், ஆனால் உடம்பு படும் பாடு ஒன்றே.

அதற்குள் மருந்தும் மலிந்துவிட்டது. 1949-ல் ஒரு கிராம் 200 டாலர். 1952-ல் அப்ஜான் கம்பெனிக்காரர்கள், ரொட்டியில் பூக்கும் பூஞ்சையின் பங்காளி ஒன்றை வைத்து, கடினமான ஒரு படியைச் சுலபமாக்கினார்கள். மூலப்பொருள் மெக்சிகோக் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து வந்தது. விலை சரிந்தது. 1955-ல் இன்னும் வீரியமான ப்ரெட்னிசோன் கடைக்கு வந்தது. 1956-ல், கார்ட்டிசோனை இஷ்டத்துக்குக் கூட்டிச் சாப்பிட்டு மூளை குழம்பிப்போகும் ஒரு பள்ளி ஆசிரியரைப் பற்றி 'பிகர் தேன் லைஃப்' என்று ஹாலிவுட்டில் படமே எடுத்துவிட்டார்கள்.

சரி, எப்படித்தான் நிறுத்துவது? குறைக்கும்போது வருகிற தொல்லை ஒரே மாதிரி இருந்திருந்தால் எப்போதோ விடை கிடைத்திருக்கும். பழைய நோயே திரும்பி வரலாம். அட்ரீனல் விழிக்காமல் இருக்கலாம். மூன்றாவதாக ஒன்றை, திருமதி ஜிக்கு வைத்தியம் பார்த்தவர்களில் ஒருவரான சார்ல்ஸ் ஸ்லோகம்ப் 1953-ல் எழுதினார்: அளவைக் குறைத்தவர்களுக்கு உடம்பெல்லாம் வலி, அசதி, சோர்வு. 1960-ல் இன்னொரு குழு சோதித்தபோது, அட்ரீனல் ஒழுங்காக வேலை செய்தவர்களிடமும் இந்தத் தொல்லை இருந்தது. அதிக கார்ட்டிசாலுக்குப் பழகிய உடம்பு, சாதாரண அளவையே பட்டினியாக நினைக்கிறது. நோயாளி மூன்றையும் ஒரே வார்த்தையில், "முடியல டாக்டர்" என்பார். எது எது என்று பிரித்தறிவது வைத்தியர் பாடு.

முக்கியமான விடை 1965-ல் வந்தது. கிரேபர், லிடில் முதலானோர் நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்து நிறுத்தியவர்களையும், கார்ட்டிசால் சுரக்கும் கட்டியை அகற்றியவர்களையும் மாதக்கணக்கில் பின்தொடர்ந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முதலில் இரண்டுமே படுத்துக்கிடந்தன. சில மாதங்களில் பிட்யூட்டரி விழித்தது. விழித்தது மட்டுமல்ல, வழக்கத்தைவிட அதிகமாகக் கத்தியது. ஆனாலும் அட்ரீனல் அசையவில்லை. ஸ்விட்ச் போட்டாயிற்று, மோட்டார் இன்னும் சுற்றவில்லை! அது வழிக்கு வரச் சிலருக்கு ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆனது. கடைசி மாத்திரையைச் சாப்பிட்டு மாதங்கள் ஆனவரும் ஆபத்துக்கு வெளியே வந்துவிடவில்லை என்பது அப்போதுதான் எண்ணிக்கையோடு தெரிந்தது. 1963-லேயே ஹார்ட்டர், ரெட்டி, தார்ன் மூவரும், ஒருநாள்விட்டு ஒருநாள் கொடுத்தால் சுரப்பி அவ்வளவாகத் தூங்காது என்று காட்டியிருந்தார்கள். எல்லா நோய்க்கும் அது ஒத்துவரவில்லை என்பது வேறு விஷயம்.

படிப்படியாகக் குறைப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. உடம்பு தானாகச் சுரக்கும் அளவு ஏறத்தாழ 5 மில்லிகிராம் ப்ரெட்னிசோலோனுக்குச் சமம். 40-லிருந்து 20-க்கு இறங்குவது தொட்டி வழிவதை நிறுத்துவது மட்டுமே. அங்கே நோய் திரும்புகிறதா என்று பார்த்தால் போதும். 5-லிருந்து கீழே இறங்கும்போதுதான் தொட்டியே காலியாகிறது. அதனால்தான் மேலே வேகமாகக் குறைக்கும் டாக்டர் கடைசி 5 மில்லிகிராமில் மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறார்.

ஐரோப்பிய, அமெரிக்க நாளமில்லாச் சுரப்பிச் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே திசையில்தான் போகிறது. மூன்று, நான்கு வாரங்களுக்குக் குறைவாக எடுத்தவர்களுக்கு இந்தச் சுரப்பிக்காகப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. (2020-ல் கொரோனாவுக்குப் பத்து நாள் டெக்ஸாமெத்தசோன் கொடுத்தார்களே, அது இந்தக் கணக்கில் வரும்.) அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு 4 முதல் 6 மில்லிகிராம் வரை இறக்கிவிட்டு, மேலும் மெதுவாகக் குறைக்கலாம், அல்லது காலையில் ரத்தத்தில் கார்ட்டிசால் அளவு பார்க்கலாம். ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துவிட்டது, நிறுத்தலாம். 5-க்கும் 10-க்கும் நடுவில் என்றால் அதே அளவைத் தொடர்ந்து, சில வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 5-க்குக் கீழே என்றால் சில மாதங்கள் பொறுக்க வேண்டியதுதான். இன்ஹேலர், தோல் களிம்பு, மூட்டில் போடும் ஊசி என்று எந்த வழியில் போனாலும், அளவும் காலமும் கூடினால் சுரப்பி தூங்கக்கூடும் என்பதையும் அதில் சேர்த்திருக்கிறார்கள்.

பிரிட்டனில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் நீல நிற அட்டை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருப்பது பல காலமாக உள்ள வழக்கம். 2020-ல் அதோடு புதிதாக ஒரு அவசர அட்டையையும் கொண்டுவந்தார்கள். மயங்கிக் கிடப்பவரின் பையில் அது கிடைத்தால், ஆம்புலன்ஸில் வருகிறவர் வேறு யோசனை இல்லாமல் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போடவேண்டும் என்பது ஏற்பாடு. அட்டை கிடைக்காத ஊர்களில், மருந்தின் பெயர், அளவு, எத்தனை மாதமாக என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மணிபர்ஸில் வைத்துக்கொள்ளலாம்.