நிலக்கரிச் சுரங்கத்தில் தொலைந்த பெயர்கள்

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் மலரில் கவிதையோடு வரலாற்றுக்கும் இடம் தரப்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. கடல் கடந்த தமிழர் வரலாறு என்றதும் கரும்புத் தோட்டமே நம் நினைவில் எழுகிறது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பாரதியார் பாடியது அதற்கு ஒரு காரணம் எனலாம். அதே போன்ற 'கிர்மிட்' ஒப்பந்தத்தின் பேரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்த தமிழர் அந்த அளவுக்கு நினைக்கப்படுவதில்லை. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று தம் முன்னோரைத் தேடுகின்றனர். அத்தேடலில் தமிழறிந்தோர்க்கு உரிய பங்கு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரும்பிலிருந்து கரிக்கு

1860 அக்டோபர் 12ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைவழிக் கப்பலேறியவர்கள். பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களுக்கே அனுப்பப்பட்டனர். 1889ஆம் ஆண்டை ஒட்டி இருப்புப்பாதை வடநேட்டாலின் நிலக்கரி வயல்களை எட்டிய பின்னர், டண்டீ, எலன்ஸ்லாக்டே, நியூகாசில் பகுதிச் சுரங்கங்களும் ஒப்பந்தக் கூலிகளைப் பெற்றன. ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டு. முதலாண்டில் மாதக் கூலி பத்து ஷில்லிங்; பின்னர் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயரும்.

பதிவேடு பேசும் முறை

நேட்டாலில் வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. அவ்வெண்ணுக்கு நேரே பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உயரம், உடலிலுள்ள தழும்பு அல்லது மச்சம் ஆகியவை எழுதப்பட்டன. எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பதும் குறிக்கப்பட்டது. தப்பியோடினால் அடையாளம் கண்டு பிடிப்பதற்குத் தழும்பும் பயன்பட்டது. பிடித்து வைப்பதற்காக எழுதிய அந்த வரியே, இன்று கொள்ளுப்பேரனுக்குத் தன் முன்னோரைப் பற்றிக் கிடைக்கும் ஒரே வருணனையாக நிற்கிறது.

ஆயினும் பதிவேட்டைப் படிப்பது எளிதன்று. தமிழ்ப் பெயர்களை எழுத்தர்கள் தம் செவிக்கு எட்டியவாறு ஆங்கில எழுத்தில் எழுதினர். முனுசாமி 'மூன்சாமி' ஆனார். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். முதலியார் 'மூட்லி' ஆனார். தந்தையின் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக அமைந்தமையால், உடன்பிறந்த இருவரின் வழிவந்தோர் வேறு வேறு குடும்பப் பெயர் தாங்கி, தம் உறவை அறியாமலே ஒரே நகரில் வாழ்தல் கூடும். முனியம்மாக்களும் கோவிந்தன்களும் பதிவேட்டில் மலிந்துள்ளமையால், எண்ணும் தந்தை பெயரும் ஊரும் ஒருங்கே பொருந்தினால் அன்றி எவரையும் துணிந்து முன்னோர் எனக் கொள்ளல் ஆகாது.

சாதிக் கட்டமும் அத்தகையதே. அக்கால ஆங்கில ஆவணங்களில் 'மலபார்' என்பது தமிழரையும், 'ஜெண்டூ' என்பது தெலுங்கரையும் குறித்து வழங்கியது. இதனை அறியாதவர், 'மலபார்' என்ற சொல்லைக் கண்டு தம் முன்னோரைக் கேரளத்தில் தேடி அலைய நேரும்.

நம் ஊருக்கும் இதில் தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியரின் தலைமையிடம் சைதாப்பேட்டையே. சைதாப்பேட்டை என்பது ஊரின் பெயராகவும், பூந்தமல்லி, பரங்கிமலை முதலியவற்றை உள்ளடக்கிய வட்டத்தின் பெயராகவும் இருந்தது. எனவே ஒரு பதிவில் 'சைதாப்பேட்டை' என்று காணப்படின், அது வட்டத்தின் கட்டத்தில் உள்ளதா, ஊரின் கட்டத்தில் உள்ளதா என்று முதலில் நோக்க வேண்டும். வட்டத்தைக் குறிப்பதாயின், அடையாற்றங்கரையில் நின்று தேடுவோர் பல கல் தொலைவு நடக்க வேண்டியிருக்கும்.

சுரங்கமே சிறையானது

ஒப்பந்தம் முடிந்தும் நாடு திரும்பாதோர் மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதித்தது. முதலாண்டுக் கூலிக் கணக்கில் அஃது ஆறு மாத ஊதியம். வரி செலுத்த இயலாதோர் மீண்டும் ஒப்பந்தத்தில் கைந்நாட்டிட்டனர்.

1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து தம்பி நாயுடுவுடன் நியூகாசிலுக்கு வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழர், சுரங்கத் தொழிலாளரிடம் சென்று வரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யுமாறு வேண்டினர். தொழிலாளர் சுரங்கத்தை விட்டு வெளியேறினர். நவம்பர் 6ஆம் நாள் காந்தியடிகளின் தலைமையில் 2,037 ஆடவரும், 127 பெண்டிரும், 57 குழந்தைகளும் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தனர். கைது செய்யப்பட்ட தொழிலாளரை அரசு சுரங்கங்களுக்கே திருப்பி அனுப்பியது. சுரங்க வளாகங்கள் சிறைகளாக அறிவிக்கப்பட்டன. மேற்பார்வையாளர்களே சிறைக் காவலர் ஆயினர். 1914இல் அவ்வரி நீக்கப்பட்டது.

அவ்வாண்டு பிப்ரவரி 22ஆம் நாள், சிறையில் உற்ற காய்ச்சலால் பதினாறு அகவையில் உயிர்நீத்தவர் வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அவரைத் 'தில்லையாடி வள்ளியம்மை' என்றே தமிழகம் அழைக்கிறது. பெற்றோர் வழி வந்த ஊர்ப்பெயர் அவருக்கு நிலைத்தது. அவரோடு போராடிய சுரங்கத் தொழிலாளருள் பலர்க்கு எண் நிலைத்தது, ஊர் நிலைக்கவில்லை.

நாம் செய்யத்தக்கது

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் டர்பன் பதிவேடுகளையும் ஒப்பிட்டுக் கற்பது ஆய்வாளர் பணி. சிதைந்த எழுத்திலிருந்து சரியான ஊர்ப்பெயரை மீட்பதோ, ஊர்வழக்கும் ஒலியும் அறிந்தோர் பணி. 'கப்பலேறிப் போனவன் திரும்பவில்லை' என்ற ஒரு தொடர் பல குடும்பங்களில் இன்றும் வழங்குகிறது. அத்தொடரைக் கேட்கும் வட்ட உறுப்பினர் ஒவ்வொருவரும், போனவர் பெயர், அவர்தம் தந்தை பெயர், ஊர் ஆகிய மூன்றையும் மூத்தோரிடம் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அங்குள்ள பதிவேட்டின் கட்டங்களும் இவையே. இரண்டு தாள்களிலும் அந்த மூன்றும் ஒத்து நிற்குமாயின், நூறாண்டுக்கு மேல் எண்ணாக இருந்த ஒருவர் மீண்டும் ஒரு குடும்பத்தின் மகனாகவோ மகளாகவோ ஆவார்.