ஈறு என்பது இறுதியா?

சொல்லின் முடிவு ஈறு, பல்லின் முடிவும் ஈறு. ஆகவே 'இறு' என்னும் வினையிலிருந்து பிறந்தது ஈறு. அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில் வீடுவீடாகப் போட்டுச் சென்ற பல் முகாம் துண்டறிக்கை ஒன்றின் தலையில் இப்படி ஒரு சொல்விளக்கம். இலவசமாகப் பல்லைப் பார்க்க வருபவர்கள் சொல்லையும் இலவசமாகப் பிடுங்கிவிட்டுப் போகிறார்கள். இதைச் சொன்னவர் பல் மருத்துவராக இருக்க முடியாது. தமிழாசிரியர் யாராவது எழுதிக் கொடுத்திருப்பார். நன்னூலை மட்டும் படித்து, வாயைத் திறந்து பார்க்காதவர்.

இறு, இறுதி, ஈறு என்ற வரிசையில் எனக்கு வழக்கில்லை. உயிரீறு, மெய்யீறு, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று இலக்கணத்தில் வரும் ஈறு அதுதான். என் வழக்கு, பல்லைச் சுற்றியிருக்கும் சதைக்கு அந்தப் பெயரைக் கொண்டுபோய் ஒட்டியதன் மேல். தொல்காப்பியர் எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும்போது நாக்கு எங்கெங்கே படுகிறது என்று விரலை வைத்தது போலக் காட்டிப் போகிறார். பல்லும் சதையும் கூடும் இடத்துக்கு அவர் வைத்த பெயர் பல்முதல். அண்பல் முதல் என்றும் சொல்வார். முதல்! மரத்துக்கு அடிப்பகுதி முதல், நுனி கடை என்ற கணக்கு. பல்லுக்கும் அதே கணக்குதான்: சதையில் ஊன்றிய பக்கம் முதல், கடிக்கும் பக்கம் நுனி. பல்லுக்கு இறுதி என்று ஓரிடம் உண்டானால் அது முறுக்கைக் கடிக்கும் விளிம்பு. இலக்கணத்தின் முதல் ஆசான் 'முதல்' என்ற இடத்தை, இலக்கணத்தின் பேரைச் சொல்லியே 'இறுதி' என்கிறார்கள்.

இன்னொன்று. பால்குடிக் குழந்தைக்கு ஈறு உண்டு, பல் இல்லை. பொக்கை வாய்க் கிழவருக்கும் ஈறு உண்டு, பல் இல்லை. எந்தப் பல்லின் இறுதி அது?

சொல்லை விட்டுவிட்டுச் சற்றே பொருளைப் பார்ப்போம். கீழுதட்டை இரண்டு விரலால் பிடித்து வெளியே இழுத்துக் கண்ணாடியில் பார்த்தால் போதும். பல்லை ஒட்டி இளஞ்சிவப்பாக ஒரு பட்டை இருக்கும். அதன் கீழே இன்னும் சிவந்து, பளபளத்து, மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரிகிற மாதிரி வேறொரு பரப்பு. உதட்டை ஆட்டினால் சிவந்த பரப்பு ஆடும், இளஞ்சிவப்புப் பட்டை ஆடாது. இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது போல எல்லை இருக்கிறது. ஆடாதது ஈறு. ஆடுவது வாயின் உள்ளுறை. பள்ளிப் பாடநூல் கோழைப்படலம் என்று சொல்வது இரண்டையும் சேர்த்துத்தான்; ஈழத்தார் சீதமென்சவ்வு என்பர். ஆனால் வாய்க்குள் விரித்த துணி ஒரே துணி அல்ல. மருத்துவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். கன்னம், உதட்டின் உட்புறம், நாக்கின் அடி, வாய்த்தளம், மெல்லண்ணம் ஆகியவற்றை மூடுவது உள்ளுறைச் சவ்வு; வாய்ப்பரப்பில் பாதிக்கு மேல் இதுவே. ஈறும் வல்லண்ணமும் மெல்லும்போது அடிவாங்கும் இடங்கள் என்பதால் மெல்லுசவ்வு. ஏறத்தாழக் கால் பங்கு. நாக்கின் மேற்புறம் சுவைமொட்டுகளோடு தனி வகை. பற்களின் பரப்பையும் சேர்த்து எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் பெரியவர் ஒருவருக்குச் சுமார் 215 சதுர சென்டிமீட்டர் தேறும்.

மெல்லுசவ்வின் மேலடுக்கு தோலைப் போலக் கெட்டிப்பட்டது. அடியில் மெத்தை இல்லாமல் எலும்போடு இறுகிக் கிடக்கும். அண்ணத்தில் போடும் ஊசி ஏன் உயிரை எடுக்கிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது: மருந்து பரவ இடமில்லை. கன்னத்தில் அதே ஊசி எறும்புக் கடிதான். நாக்கடிச் சவ்வோ கன்னத்துச் சவ்வைவிட மெல்லியது. நெஞ்சுவலிக்காரர் மாத்திரையை விழுங்காமல் நாக்கடியில் வைப்பது, அந்த மெல்லிய சவ்வு மருந்தை நேரே இரத்தத்துக்குள் விட்டுவிடும் என்பதால்.

வாய்ப்புண் வந்தால் 'வயித்துச் சூடு' என்று மணத்தக்காளிக் கீரையைத் தேடுகிறோம். அடிக்கடி வந்து போகும் சாதாரணக் குழிப்புண் பெரும்பாலும் ஆடும் சவ்வில்தான் வரும். திரும்பத் திரும்ப வரும் அக்கிக் கொப்புளம், வாய்க்குள் வருமானால், பெரும்பாலும் ஆடாத சவ்வில், அதாவது ஈறிலோ வல்லண்ணத்திலோ வரும். புண் எந்தத் துணியில் விழுந்தது என்று பார்த்தே மருத்துவர் பாதி முடிவுக்கு வந்துவிடுவார். ஈறின் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளம்பரத்தில் வருகிற பவள நிற ஈறு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. நம்மில் பலருக்கு ஈறு கருத்தோ கருப்புத் திட்டுகளோடோ இருக்கும். தோலுக்குக் கருமை தரும் அதே மெலனின்தான். அது நோயல்ல. அதை லேசரால் வெளுக்கக் காசு கேட்பவர் உங்கள் நோயைத் தீர்க்கவில்லை. திடீரென்று ஓரிடத்தில் மட்டும் புதிதாகக் கருத்தால் அது வேறு கதை, காட்டத்தான் வேண்டும்.

சொல்லுக்கு வருகிறேன். எயிறு என்ற பழஞ்சொல்லுக்குப் பல் என்றும் ஈறு என்றும் இரு பொருளையும் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி தருகிறது. சங்கப் பாட்டில் எயிறு பெரும்பாலும் பல்தான். முல்லை அரும்பை அதற்கு உவமை சொல்லிச் சொல்லிப் புலவர்கள் அலுத்ததில்லை. என் பக்கம் நிற்க வந்த ஒரு நண்பர் 1121ஆம் குறளைக் கொண்டுவந்தார். அங்கே எயிற்றில் நீர் ஊறுகிறது. பல்லில் நீர் ஊறுமா, ஆகவே அங்கே எயிறு ஈறுதான் என்பது அவர் வாதம். எனக்குச் சாதகமான வாதம், ஆனாலும் நிற்காது. எயிற்றுக்கு அங்கே வெண்மை என்ற அடை இருக்கிறது. வெள்ளை ஈறு இரத்த சோகைக்காரருக்குத்தான் வரும். மேலும், வாயின் சவ்வில் 600 முதல் 1000 வரை சின்னஞ்சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகள் சிதறிக் கிடந்தாலும் ஈறிலும் வல்லண்ணத்தின் முன்பகுதியிலும் அவை இல்லை. உமிழ்நீர் ஈறில் ஊறுவதே கிடையாது. அங்கே எயிறு பல் என்பதே சரி.

எயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது எகிறு. இதை அகராதியில் தேடவேண்டாம். ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் பழைய ஆட்களிடம் கேட்டால் போதும். "எகிறு வீங்கிப் போச்சு", "எகிறுல ரத்தம் வருது" என்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் பற்பொடி கேட்டாலும் எகிறு வலிக்கு என்று சொன்னால் புரியும். இளையவர்கள் ஈறு என்று திருந்திவிட்டார்கள். எழுதும்போதுதான் ஈறு, வாயில் வருவது ஈரு. பேன்முட்டையான ஈருக்கும் பல்லின் ஈறுக்கும் சென்னைக் காதில் வேறுபாடே இல்லை. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கும் பழமொழியை இப்போது 'ஈறை' என்று எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அது பெருமாளுக்கே அடுக்காது.

எகிறும் ஈறும் ஒரு சொல்லின் இரு நிலைகள் என்பது என் துணிபு. இரண்டு உயிருக்கு நடுவே நிற்கும் மெய் தமிழில் தேய்வது புதிதல்ல. மகன் மவன் ஆகிறான், வயிறு வவுறு ஆகிறது. இன்னும் தேய்ந்து மெய்யே போய்விட்டால் உயிர் நீண்டு இடத்தை அடைக்கும்: பகுதி பாதி, மிகுதி மீதி, துகள் தூள். மிகுதி மீதியாகுமானால் இகிறு ஈறாவதற்கு என்ன தடை? இலையை எலை என்றும் இடத்தை எடம் என்றும் சொல்லும் நாட்டில் இகிறை எகிறு என்றது ஒரு குற்றமா?

இகிறு எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். கூவத்தைத் தாண்டி வடக்கே போகட்டும். தெலுங்கில் ஈறுக்குச் சிகுரு, இகுரு, பன்மையில் சிகுள்ளு. அதே சிகுரு தெலுங்கில் இளந்தளிரும் ஆகும். மாமரத்தில் சிகுரு விட்டால் வசந்தம், வாயில் சிகுரு வீங்கினால் பல்வலி. ஒரே சொல். தளிரும் ஈறும் ஒன்றென்று கண்டவன் தாவரவியலும் படிக்கவில்லை, பல் மருத்துவமும் படிக்கவில்லை. பல் 'முளைக்கிறது' என்று நாம் சொல்வதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். முளைப்பது பல், முளைவிடும் இடம் ஈறு. விலை எகிறுகிறது, ஆள் எகிறிக் குதிக்கிறான் என்னும்போது வரும் எகிறும் மேலே எழுவதுதான்.

பிற மொழிகளை நான் இழுக்கவில்லை. கன்னடத்தின் வசடு தனிக்குடும்பம். மலையாளத்தின் மோண என்னைக் கவர்ந்தது. முதலெழுத்து ஒன்றி வரும் மோனையோடு அதை முடிச்சுப் போட்டால் மறுபடியும் 'முதல்' கிடைத்துவிடும். ணகரம் தடுக்கிறது. விட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்தார் ஈறை முரசு என்பார்கள். அங்கே பற்பசை விளம்பரத்தில் முரசு வலிமையாகும். போர்முரசின் வளைவைப் போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர் என்பவருக்கு மறுமொழி சொல்ல எனக்கு நேரமில்லை.

அண்ணத்தில் சண்டைக்கு இடமில்லை. அண் என்றால் மேல். அண்ணாந்து பார்ப்பது, அண்ணாக்கு, வயதில் மேலான அண்ணன், எல்லாம் ஒரே வேர். முதல் அண்ணம், இடை அண்ணம் என்று தொல்காப்பியர் பகுத்ததில் முதல் அண்ணம் நாவின் அடிப்புறம் தொடும் பின்பகுதி. மருத்துவர் சொல்லும் மெல்லண்ணம் அங்கேதான் தொடங்குகிறது. கையில் விளக்கும் கண்ணாடியும் இல்லாமல், நாவையே கருவியாக வைத்து அளந்த மனிதர். சித்த மருத்துவரின் எண்வகைத் தேர்விலும் நா ஒன்று.

சவ்வு என்பதும் நல்ல சொல். சவ்வு மிட்டாயில் இழுபடுவது, சவ்வரிசியில் வழுக்குவது. ஜாவாவிலிருந்து வந்ததால் ஜாவா அரிசி, அது ஜவ்வரிசி என்று இன்னொரு துண்டறிக்கை எங்காவது தயாராகிக்கொண்டிருக்கும். சேலத்து மரவள்ளி மாவு வெந்தால் சவ்வுபோல் ஆகிறது. அதற்கு ஏன் கப்பல் ஏறவேண்டும்?

ஊர்ப்பெயருக்கும் இதே கதிதான். ஐம்பத்தொன்றாம் ஊர் என்பது அம்பத்தூர் ஆயிற்றாம். ஐம்பதாம் ஊரைக் காட்டினால் ஒப்புக்கொள்ளலாம். கள்ளிக்குப்பத்தைக் குப்பம் என்பதால் மீனவர் ஊர் என்கிறார்கள். வடதமிழ்நாட்டிலும் ஆந்திர எல்லையிலும் குப்பம் என்றால் சிற்றூர். சித்தூர்ப் பக்கத்துக் குப்பம் நகரத்தில் எந்தக் கடல்? திருமுல்லைவாயிலுக்கு முல்லை, அத்திப்பட்டுக்கு அத்தி, கள்ளிக்குப்பத்துக்குக் கள்ளி. சதுரக்கள்ளியோ திருகுகள்ளியோ, வேலியில் நின்ற செடி ஊருக்குப் பெயர் கொடுத்தது. இன்று வேலியெல்லாம் காம்பவுண்டுச் சுவர். கள்ளிப்பாலைப் பல்வலிக்குத் தடவும் பழக்கம் நாட்டு வைத்தியத்தில் உண்டு. தடவவேண்டாம். அந்தப் பால் சவ்வைப் புண்ணாக்கிவிடும். கெட்டிப்பட்ட ஈறே தாங்காது; கன்னத்தின் உட்புறமோ நாக்கடியோ சொல்லவே வேண்டாம்.

சவ்வைக் கெடுக்க இப்போது கள்ளி வேண்டியதில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றி, பாக்கும் புகையிலையும் கலந்த மாவா மெல்லாத தெரு இல்லை. கடையில் கேட்டால் இல்லை என்பார்கள். 2013இலிருந்து குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் தடை. பாக்கு ஆண்டுக்கணக்கில் கன்னத்தில் அடங்கிக் கிடந்தால் முதலில் காரம் தாங்காமல் எரியும். பிறகு ஆடவேண்டிய உள்ளுறைச் சவ்வு வெளிறி, அடியில் நார் பாய்ந்து, கயிறுபோல் இறுகும். வாய் மூன்று விரல் திறந்தது இரண்டு விரலாகும், ஒரு விரலாகும். 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார். மறு ஆண்டு பம்பாயில் ஜோஷி எழுதினார். சிலருக்கு இது புற்றில் முடியும். இதற்குத் தமிழில் நிலைத்த பெயர் இன்னும் இல்லை. 'வாய் இறுகிப்போச்சு' என்று நோயாளிகள் சொல்வது எனக்குப் போதுமானதாகவே படுகிறது. கலைச்சொல்லாக்கக் குழு கூடும்வரை அதையே வைத்துக்கொள்ளலாம்.

என் வழக்கில் ஒரு முள் உண்டு. எதிரி அதைத்தான் பிடிப்பான். தெலுங்குச் சிகுருவில் இருப்பது ரகரம், நம் ஈறில் இருப்பது றகரம். மோனைக்கு ணகரம் தடையானால் ஈறுக்கு ரகரம் தடையாகாதா? நியாயமான கேள்வி. ணகர னகர வேறுபாட்டை மலையாளம் இன்றும் காப்பாற்றுகிறது. தெலுங்கு தன் பழைய றகரத்தைப் பெரும்பாலும் ரகரத்தில் கரைத்துவிட்டது. இன்றைய எழுத்தை வைத்து அன்றைய ஒலிக்குத் தீர்ப்பு எழுத முடியாது. பழைய வடிவம் றகரத்தோடு கிடைத்தால் வழக்கு அன்றே தீர்ந்தது. ரகரமாகவே கிடைத்தாலும் நான் ஈறை இறுதிக்கு விட்டுக்கொடுக்கப் போவதில்லை. எயிறும் எகிறும் தமிழுக்குள்ளேயே இருக்கின்றன, தொல்காப்பியரின் பல்முதலும் இருக்கிறது. எனக்கு அவை போதும்.