கம்மியர் சித்திரங்கள், 18ஆம் நூற்றாண்டு

தஞ்சை மராட்டிய மன்னர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஐரோப்பிய அதிகாரிகளின் விருப்பத்திற்கிணங்கத் தஞ்சைச் சித்திரக்காரர்கள் பல்வேறு சாதியினரையும் தொழிலாளரையும் கணவன் மனைவியராகத் தீட்டிய வரிசைகளில், கொல்லரும் தட்டாரும் தத்தம் கருவிகளோடு இடம்பெற்றனர். இவை கம்பெனி ஓவியங்கள் எனப்படும். இவற்றுக்கு மாறாக, ஆங்கில ஓவியர் ஜோசப் ரைட் 1772இல் வரைந்த இரும்புப் பட்டறைச் சித்திரத்தில், நீர்விசைச் சம்மட்டியின் கீழ்ப் பழுக்கக் காய்ந்த இரும்பின் ஜோதியே சூழ நிற்போர் முகங்களை ஒளிரச் செய்ய, தஞ்சை ஓவியங்களோ வெறும் பின்னணியில் ஆடை, அணி, கருவி ஆகியவற்றையே துலக்கமாக்கி, உழைப்பின் சூழலைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. ஆயினும், இயந்திரத் தொழிலுக்கு முற்பட்ட கைத்தொழில் மரபுக்கு அவை போற்றத்தக்க சரித்திர சாட்சியங்களாம்.