விதவையின் விண்ணப்பமும் பெயரற்றோரின் வம்ச வரலாறும்

வம்ச வரலாறு நெடுங்காலமாகச் சொத்துடையோரின் கலையாகவே இருந்து வந்துள்ளது. நிலமும் பட்டமும் தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறும் சமுதாயத்தில், யார் யாருக்குப் பிறந்தவர் என்பதை எழுதிவைக்கும் தேவை சொத்துரிமையோடு பிணைந்தே தோன்றியது. எனவே, சொத்தற்றோரின் முன்னோரைத் தேடப் புகும் ஆய்வாளர் முதலில் எதிர்கொள்வது ஆவணங்களின் மௌனத்தையே. தாமே பிறரின் சொத்தாக இருந்த மக்களைப் பொறுத்தவரை இம்மௌனம் இன்னும் ஆழமானது. ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்களது குடும்ப வரலாற்றை நாம் இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே. அம்மௌனத்தை ஓரளவேனும் உடைத்த சான்று எதிர்பாராத ஓரிடத்திலிருந்து கிடைத்தது. போர்வீரரின் விதவையர் மாதம் 8 டொலர் ஓய்வூதியம் வேண்டி அரசுக்குச் சமர்ப்பித்த விண்ணப்பங்களே அச்சான்று.

முதலில் மௌனத்தின் தன்மையை நோக்குவோம். 1662 இல் வேர்ஜீனியாக் குடியேற்றம் இயற்றிய சட்டம், பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பின்பற்றும் என்று விதித்தது. அடிமைத் தாயின் பிள்ளை அடிமை. தந்தை யாரென்பது சட்டத்துக்குத் தேவையற்ற செய்தி. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. 1850, 1860 ஆம் ஆண்டுகளின் குடிசன மதிப்பீட்டில் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணைகள் வகுக்கப்பட்டன. அவற்றில் உடைமையாளரின் பெயர் உண்டு. அடிமைகளுக்கு வயது, பால், நிறம் ஆகியன மட்டுமே உண்டு. விடுதலை பெற்ற மக்கள் அனைவரும் பெயரோடு பதியப்பட்ட முதலாவது குடிசன மதிப்பீடு 1870 ஆம் ஆண்டினதாகும். தம் முன்னோரைத் தேடுவோர் அவ்வாண்டை ஒரு மதிலாகக் கருதுவதில் வியப்பில்லை. அதற்கு அப்பால் மனிதர் இல்லை, எண்ணிக்கைகளே உள்ளன.

இம்மதிலிற் பிளவை ஏற்படுத்தியது உள்நாட்டுப் போர். ஏறக்குறைய 179,000 கறுப்பினத்தவர் வட அரசின் தரைப்படையிற் பணியாற்றினர். அவர்களுட் பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து நீங்கியவர்கள். வெள்ளையினச் சிப்பாய்க்கு மாதம் 13 டொலர் வழங்கிய அரசு, இவர்களுக்கு 10 டொலர் வழங்கி, அதிலும் உடைக்கென 3 டொலரைக் கழித்துக்கொண்டது. 1864 இலேயே இவ்வேறுபாடு சட்டப்படி நீங்கிற்று. ஏறத்தாழ 40,000 கறுப்பினப் படையினர் மாண்டனர். போர்க்களத்திலும் பார்க்க நோயினால் இறந்தோரே மிகுதி. எனவே விதவையர் தொகையும் பெரிது.

1862 யூலை 14 ஆம் திகதிச் சட்டம் சாதாரண சிப்பாயின் விதவைக்கு மாதம் 8 டொலர் வழங்க வகைசெய்தது. சட்டம் நிறவேறுபாடு பேசவில்லை. ஆயின் திருமணத்துக்குச் சான்று கேட்டது. திருமணம் செய்யும் உரிமையே மறுக்கப்பட்ட பெண்ணிடம் திருமணச் சான்று கேட்பது சமத்துவத்தின் போர்வையில் நிகழும் மறுப்பேயாகும். 1864 ஏப்ரலில் தெனசி மாநிலத்தின் பில்லோக் கோட்டையிற் சரணடைய முயன்ற கறுப்பினப் படையினரைத் தென்மாநிலப் படைகள் கொன்றுகுவித்தன. அங்கு கொல்லப்பட்ட தளபதி மேஜர் பூத்தின் மனைவி லிங்கனைச் சந்தித்து, கறுப்பின வீரரின் மனைவியரையும் பிள்ளைகளையும் சட்டபூர்வக் குடும்பங்களாகக் கொள்ளவேண்டுமெனக் கோரினார். லிங்கன் அக்கோரிக்கையை மே மாதத்திற் செனற்றர் சம்னருக்கு எழுத்தில் அறிவித்தார். யூலை 4 ஆம் திகதி நிறைவேறிய சட்டம், படையிற் சேருமுன் ஈராண்டேனும் கணவன் மனைவியாக வாழ்ந்தமைக்கான சாட்சியம் போதும் என்றது. 1866 இல் அந்நிபந்தனை மேலும் தளர்ந்தது.

வரலாற்றாய்வாளரின் கவனத்துக்குரிய மாற்றம் இங்குதான் நிகழ்கிறது. அமெரிக்க விடுதலைப் போர் வீரர்களின் விதவையர் பலர், குடும்ப வேதாகமத்திற் பிறப்பும் திருமணமும் எழுதப்பட்டிருந்த தாள்களைக் கிழித்தெடுத்து விண்ணப்பத்தோடு அனுப்பினர். அடிமைத்தளையிலிருந்து வந்த விதவையிடம் அத்தகைய தாள் இல்லை. அவளிடமிருந்தவை நினைவும் அயலாரின் நினைவும் மட்டுமே. எனவே அவள் பேசவேண்டியதாயிற்று. எங்கே பிறந்தாள், எவரிடம் அடிமையாயிருந்தாள், எப்போது விற்கப்பட்டாள், பிள்ளைகள் எத்தனை பேர் என்று விசேட பரிசோதகர்கள் வினவினர். பேறு பார்த்த மருத்துவச்சி, கணவனோடு போரிட்ட தோழன், சிலவேளை முன்னாள் எசமானன் ஆகியோர் சாட்சியம் அளித்தனர். அச்சத்தியக் கடதாசிகளின் கீழ்ப் பலர் இட்டது கையொப்பமன்று, புள்ளடியே. ஆனாற் புள்ளடிக்கு மேலே ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் எழுதப்பட்டுள்ளன.

அடிமை முறைக்கு எதிரான போராளி ஹரியற் ரப்மனே இதற்குத் தக்க உதாரணமாவார். அவரது இரண்டாவது கணவர் நெல்சன் டேவிஸ் 1888 இல் இறந்தார். 1890 இல் விண்ணப்பித்த ரப்மனுக்கு ஓய்வூதியம் 1895 இலேயே கிடைத்தது. காரணங்களுள் ஒன்று, டேவிஸ் படையில் நெல்சன் சார்ள்ஸ் எனப் பதிவாகியிருந்தமை. இருபெயரும் ஒருவருடையதே என்பதை அவர் நிறுவவேண்டியிருந்தது. விடுதலை பெற்றோர் எசமானன் பெயரை விடுத்துத் தாம் விரும்பிய குடும்பப் பெயரைச் சூடுவது அந்நாளில் வழக்கம். உரிமைப் பிரகடனமாகிய அச்செயல், அலுவலகத்தின் கண்ணில் ஐயத்துக்குரிய முரண்பாடாகத் தோன்றியது.

ஆகவே இக்கோவைகளை மக்களின் தூய குரல் எனக் கொள்வது தவறு. அவை அரசின் பணத்தைக் காக்கும் நோக்குடன் உருவானவை. கேள்வி அதிகாரியினுடையது, எழுத்து எழுதுவினைஞருடையது, வறுமை விதவையினுடையது. 1882 ஆம் ஆண்டுச் சட்டம், விதவை வேறொருவரோடு மணமின்றி வாழ்ந்தால் ஓய்வூதியத்தை நிறுத்த வகைசெய்தது. அதன் பின்னர் பரிசோதகர்கள் அயலாரிடம் அவளது ஒழுக்கத்தையும் விசாரித்தனர். டொனால்ட் ஷாஃபரின் ஆய்வின்படி, வெள்ளையின விதவையருள் ஏறக்குறைய 84 வீதத்தினர் வெற்றிபெற, கறுப்பின விதவையருள் ஏறக்குறைய 61 வீதத்தினரே வெற்றிபெற்றனர். சட்டம் ஒன்று, சான்று தேடும் வசதி வேறு. முறைசார் சமத்துவம் பொருளியல் ஏற்றத்தாழ்வை அழிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

எனினும் இதே சந்தேகம்தான் சான்றைப் பெருக்கியது என்பது கவனிக்கத்தக்க முரண்பாடு. எளிதில் ஏற்கப்பட்ட விண்ணப்பம் சில தாள்களோடு முடிந்தது. ஐயுறப்பட்ட விண்ணப்பமோ சாட்சியங்களால் நிறைந்து பருத்தது. அவளை அலைக்கழித்த கேள்விகளே இன்று அவளது சந்ததியாருக்கு விடைகளாக உள்ளன. தென் கரோலைனாவின் கொம்பாகி ஆற்றங்கரை நெல்வயல்களிலிருந்து, 1863 யூன் 2 ஆம் திகதி 700 இற்கு மேற்பட்டோரை விடுவித்த படைத்தாக்குதலில் ரப்மன் முக்கிய பங்கு வகித்தார். அவ்வாறு விடுவிக்கப்பட்டோரைப் பெயரோடும் உறவோடும் அடையாளங்காண எட்டா ஃபீல்ட்ஸ்-பிளாக் பயன்படுத்தியவை இவ்வோய்வூதியக் கோவைகளே. அத்தாக்குதலிற் பங்குகொண்ட வீரருள் ஒருவர் அவரது மூதாதையாவார். 2024 இல் வெளிவந்த அவரது நூல் 2025 இல் வரலாற்றுக்கான புலிற்சர் பரிசைப் பெற்றது.

இதன் பயன் தனிக் குடும்பங்களோடு முடிவதன்று. 1965 இல் வெளியான மொய்னிஹன் அறிக்கை, கறுப்பினக் குடும்பத்தின் சிதைவை அவர்களது வறுமைக்கு முக்கிய காரணமாகக் காட்டி, அச்சிதைவின் வேரை அடிமைமுறையிற் கண்டது. ஹெர்பேட் கற்மன் 1976 இல் வெளியிட்ட நூலில், பெருந்தோட்டப் பதிவேடுகள் முதலியவற்றைக் கொண்டு, அடிமை நிலையிலும் நீடித்த மணவாழ்வும் உறவுமுறையும் நிலவியமையை நிறுவினார். விதவையரின் சாட்சியங்களும் அதையே கூறுகின்றன. ஒரே கணவனோடு பல்லாண்டு வாழ்ந்தமையை அவர்கள் தேவாலயத்தாராலும் அயலாராலும் நிரூபித்தனர். குடும்பத்தைச் சிதைத்தது அம்மக்களின் பண்பாடன்று; ஏலச் சந்தையே.

வம்சத் தேடல் பழம்பெருமை தேடலாகச் சுருங்கும் வேளைகள் உண்டு. ஆயின் முன்னோரைக் கொண்டிருக்கும் உரிமையே மறுக்கப்பட்ட மக்கள் தம் பாட்டியின் பெயரைக் கண்டடைவது பெருமையன்று, பறிக்கப்பட்டதன் மீட்பு. மாதம் 8 டொலருக்காக அப்பெண்கள் கூறியவை, தமது உழைப்பினால் எழுந்த நாட்டின் மீது அவர்கள் முன்வைத்த உரிமைக் கோரிக்கைகளுமாகும். அவற்றை அவ்வாறே வாசிப்பது நமது ஆய்வுக் கடமை.